நிலாவெளி விடுதி கூகுளில் ஏன் தலைகாட்டவில்லை?

திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் இருக்கும் உங்கள் விடுதியின் புது வெப்சைட் கூகுளில் வரவே இல்லையென்றால், முதலில் தளத்தை இயக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் செட்டிங்ஸில் ‘ரீடிங்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் பெட்டியில் சரி அடையாளம் கிடக்கலாம். தளம் செய்தவர் வேலை முடியும்வரை போட்டுவிட்டு எடுக்க மறந்திருப்பார். (இது நடப்பது அபூர்வமே இல்லை.) அதை எடுத்துவிட்டு, தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் இலவசக் கருவியான சேர்ச் கொன்சோலில் முகப்புப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து இண்டெக்ஸ் செய்ய, அதாவது தேடல் பட்டியலில் சேர்க்கக் கேளுங்கள். சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். திரும்பத் திரும்பக் கேட்பதால் வேகம் கூடாது.

பிறகு, தேடல் முடிவில் தெரியும் பக்கத் தலைப்பு. ‘ஹோம்’ என்று விட்டால் யாருக்கு என்ன விளங்கும்? ‘நிலாவெளி கடற்கரை விடுதி, புறாமலை படகு வசதியுடன்’ என்று ஊரும் தொழிலும் முன்னால் வரட்டும். நீளம் கூடினால் வால் வெட்டுப்படும். தேடல் சொற்களை எழுதிவைக்கும் மறைவான குறியான கீவேர்ட்ஸ் மெட்டா டேக்கை நிரப்பிக்கொண்டிருக்க வேண்டாம்; அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.

அறை, படகு, திமிங்கிலம் பார்ப்பது மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டும். போனில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள்; 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற சிறிய கோப்பு வடிவத்துக்கு மாற்றுங்கள். மே மாதம் சீசன் என்றால் ஜனவரியிலேயே பக்கங்கள் ஏறியிருக்க வேண்டும். கூகுள் மேப்பில் விடுதியின் புள்ளி பிரதான வீதியில் நிற்கிறதா, உங்கள் ஒழுங்கை வாசலில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.