நிழலில் நிற்கும் வேன்

கும்பகோணத்தில் ஆட்டோ எலக்ட்ரிக் பட்டறை வைத்திருப்பவனுக்கு வருகிற வேலை பெரும்பாலும் செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் கொடுப்பது), ஹாரன், ஹெட்லைட். சில வருடங்களாகப் புதிதாக ஒரு வகை சேர்ந்திருக்கிறது. உள்ளே கட்டில், ஃபிரிட்ஜ், ஃபேன், சின்னதாக ஒரு சிங்க் எல்லாம் வைத்து மாற்றிய வேன். கேம்பர் வேன் என்கிறார்கள். இதில் பேட்டரி இரண்டு. ஒன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்ய. கட்டிலுக்கு அடியில் இருக்கும் இன்னொன்று, எஞ்சினை அணைத்த பிறகு உள்ளே இருக்கிற சாமான்களை ஓட்ட. புகார் எப்போதும் இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

"அண்ணே, பேட்டரி போயிடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேன் நின்னுடுது. புதுசு போட்டுடலாமா?"

போட்டுவிடலாம். எனக்கும் லாபம்தான். ஆனால் கழற்றப்போகிற பேட்டரிக்கே இன்னும் வாரன்டி முடியவில்லை என்னும்போது, புதிதாகப் போடுவதும் அதே வழியில்தான் போகும். அதனால் முதலில் மீட்டரை எடுக்கிறேன்.

வண்டி வந்து நின்ற உடனே மீட்டர் வைத்தால் 13 வோல்ட் காட்டும். அதை நம்பக் கூடாது. எல்லா லோடையும் கழற்றி, மூன்று நான்கு மணி நேரம் சும்மா விட்டுப் பார்க்க வேண்டும். 12.7 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.8-க்குப் போய்விட்டால் காலி. டிரைவர்களுக்கு இந்தக் காத்திருப்புதான் எரிச்சல். டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

அப்படி வந்த ஒரு வேனில் இருந்தது வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர், அதாவது ஆசிட் ஊற்றுகிற லெட் ஆசிட் பேட்டரி. மூடியைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டுகிற ஹைட்ரோமீட்டர் வைத்தேன். ஆறு செல்லில் ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்த செல் போச்சு, பேட்டரியும் போச்சு. இங்கே ஆறும் ஒரே மாதிரி 1180-ஐ ஒட்டி நின்றன. முழு சார்ஜில் 1240-க்கு மேல் இருக்க வேண்டியது. பேட்டரி சாகவில்லை, பட்டினி கிடக்கிறது.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு இரண்டு இடத்தில் அளந்தேன். எஞ்சின் பேட்டரியில் 14.2 வோல்ட். கட்டிலுக்கு அடியில் 13.1. நடுவில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணோம். காரணம், வேனை மாற்றிக் கட்டியவர் இழுத்திருந்த 2.5 எம்எம் வயர். வீட்டில் பிளக் பாயின்ட்டுக்குப் போடுகிற அதே வயர், போக வர 12 மீட்டர். 15 ஆம்பியர் ஓடினால் அந்த வயரே 1.2 வோல்ட்டைத் தின்றுவிடும். 16 எம்எம் போட்டால் இழப்பு 0.2-க்குள் அடங்கும். பேட்டரி நிறைய நிறைய கரன்ட் குறையும், கரன்ட் குறைந்தால் இந்த இழப்பும் குறையும். ஆக மெல்லிய வயரிலும் என்றைக்காவது சார்ஜ் ஏறிவிடும். வண்டி நாள் முழுக்க ஓட வேண்டும், அவ்வளவுதான்.

வண்டி எங்கே போகிறது என்று அப்புறம்தான் கேட்டேன். இப்போதெல்லாம் மீட்டரை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்.

"நவக்கிரகம்தாண்ணே. நிதானமா, ஒரு நாளைக்கு ரெண்டு கோயில். காலையில திருநாகேஸ்வரம், சாயங்காலம் சூரியனார்கோயில்."

எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாமே கிட்டக் கிட்ட இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து திருநாகேஸ்வரம் ஏழெட்டு கிலோமீட்டர்கூட இருக்காது. தாராசுரம் அதைவிடப் பக்கம். எஞ்சின் சூடாவதற்குள் கோபுரம் தெரிந்துவிடும். லெட் ஆசிட் பேட்டரியோ முதல் 80 சதவீதத்தை வேகமாக வாங்கிக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்கு நாலைந்து மணி நேரம் கேட்கும். ஆல்டர்னேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த நேரம் குறையாது. ஒரே நாளில் ஒன்பது கோயிலையும் முடித்துக் காட்டுகிற டூர் வேன்கள் விடியற்காலை கிளம்பி இரவு வரை ஓடுகின்றன. அந்த மாதிரி வண்டியில் இரண்டாவது பேட்டரி பிரச்சினை என்று என்னிடம் யாரும் வந்ததில்லை. சாமியை நின்று நிதானமாகக் கும்பிடுகிறவர்களின் வண்டிதான் வருகிறது.

இதில் மத்தியானம் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் திரும்பத் திறக்க நாலு மணி. அதுவரை வேனைப் புளியமரத்தடியில் போட்டு, ஃபேனைப் போட்டுப் படுத்துவிடுவார்கள். சித்திரை வெயிலில் வேறு என்ன செய்வது? ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரும் அந்தச் சூட்டில் ஓய்வில்லாமல் ஓடும், 4 ஆம்பியர் போல இழுக்கும். கூரையில் சோலார் தட்டு இருக்கிறதே என்றால், அதுவும் அதே நிழலில்தான் நிற்கிறது. தட்டில் ஒரு ஓரத்தில் கிளை நிழல் விழுந்தாலே பாதி உற்பத்தி போய்விடலாம். 100 வாட் தட்டு நல்ல வெயிலில் நாளைக்கு 25 ஏஹெச் கொடுக்கும். மரத்தடியில் அந்தக் கணக்கே கிடையாது. மனுஷனுக்கு நிழல் வேண்டும், தட்டுக்கு வெயில் வேண்டும். கூரைத் தட்டைவிட, நீளமான வயரோடு கழற்றி வெயிலில் சாய்த்து வைக்கிற தட்டுதான் இங்கே உருப்படி.

இன்வெர்ட்டரையும் பார்த்தேன். ஒன்றும் மாட்டாமலே சுவிட்ச் ஆனில் ஒரு ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 24 ஏஹெச். தட்டு கொடுப்பது முழுவதும் இதற்கே சரி. போன் சார்ஜ் செய்வதற்காக அதை அணைக்காமல் வைத்திருக்கிறார்கள். 12 வோல்ட்டிலேயே யூஎஸ்பி பாயின்ட் வைத்துக் கொடுத்தேன்.

அரைகுறை சார்ஜில் கிடந்தால் பேட்டரிக்கு என்ன ஆகும் என்பதை 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு நன்றாகவே பார்த்தோம். வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. முதல் ராத்திரியே காலியான இன்வெர்ட்டர் பேட்டரிகள் அப்படியே கிடந்தன. கரன்ட் வந்து சார்ஜ் போட்டபோது பல பேட்டரிகள் ஏறவே இல்லை. காலியாகும்போது தகட்டில் படிகிற ஈய சல்பேட், உடனே சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். நாள்பட விட்டால் உப்பளப் பாத்தியில் உப்பு இறுகுகிற மாதிரி இறுகிவிடும், திரும்பாது. புயல் ஒரே மாதத்தில் செய்ததை நிதானமான யாத்திரை ஆறேழு மாதத்தில் செய்கிறது.

இந்த பேட்டரி இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை. பட்டறையிலேயே மெதுவாக ஒரு நாள் முழுக்க சார்ஜ் போட்டதில் 1230 வரை ஏறியது. டிரைவரிடம் சொன்னது ஒன்றுதான்: ராத்திரி தங்குகிற லாட்ஜில் கேட்டு, 230 வோல்ட்டில் சார்ஜரை மாட்டி விடியும் வரை விட்டுவிடு.

ஆனால் டியூபுலர் சார்ஜ் ஏறி முடிகிற சமயத்தில் ஹைட்ரஜன் விடும், பொறி பட்டால் வெடிக்கிற வாயு. அதன் மேலே கட்டில் போட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஆள் படுக்கிறார்கள். பெட்டியை அடைத்து, வெளியே போக ஒரு டியூப் வைக்காமல் வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்றேன். இதற்கு மட்டும் பேரம் கிடையாது.

ஓனர் லித்தியம் போடலாமே என்கிறார். நியாயமான யோசனைதான். லித்தியத்துக்கு அரைகுறை சார்ஜ் பிரச்சினையே இல்லை, வாயுவும் விடாது, எடையும் பாதிக்குக் கீழே. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதே என்கிற எச்சரிக்கை தஞ்சாவூர் ஜில்லாவுக்கு எந்தக் காலத்திலும் தேவைப்படாது. ஆனால் காலியான லித்தியம் கிடைக்கிற கரன்ட்டையெல்லாம் இழுக்கும். இருக்கிற வயரும் ஆல்டர்னேட்டரும் கொதித்துவிடும். நடுவில், கரன்ட்டை அளவோடு விடுகிற டிசி டு டிசி சார்ஜர் வேண்டும். பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த புது வண்டிகள் சிலவற்றில் எஞ்சின் பேட்டரி நிறைந்ததும் ஆல்டர்னேட்டர் தானே வோல்டேஜைக் குறைத்துக்கொள்வதால், அந்த சார்ஜர் எப்படியும் தேவைப்படும். 16 எம்எம் வயர், இரண்டு முனையிலும் ஃபியூஸ், சார்ஜர் மூன்றுக்கும் விலை எழுதிக் கொடுத்திருக்கிறேன். லித்தியத்தின் விலையை அதே தாளில் கடைசியாக எழுதினேன். ஐப்பசி மழைக்கு முன்னால் சொல்கிறேன் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.