மூலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி: சப்வூஃபருக்கு இடம் கிடைத்துவிட்டது

வீட்டில் படம் பார்க்கும் அறையின் சப்வூஃபருக்கு (பேஸ் ஒலிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர், சுருக்கமாகச் சப்) மூன்று வாரமாகத் தேடிய இடம் சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குக் கிடைத்துவிட்டது. இடப்பக்கச் சுவரோரம், திரை மாட்டியிருக்கும் சுவரிலிருந்து 1 மீட்டர் 5 சென்டிமீட்டர் தள்ளி. மற்ற வேலையெல்லாம் பாதியில் கிடக்கிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அறை, சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பெரிய படுக்கையறை. நீளம் 4.1 மீட்டர், அகலம் 3.1, உயரம் 2.6. ஏர்கான் 25 டிகிரியில் ஓடும்போது ஒலியின் வேகம் வினாடிக்கு 346 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அறையின் முதல் மோடுகள் (எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி மோதித் திரும்பி, சில இடங்களில் வீங்கியும் சில இடங்களில் மறைந்தும் நிற்கும் சுருதிகள்) நீளத்தில் 42 ஹெர்ட்ஸ், அகலத்தில் 56, உயரத்தில் 67. சப் 12 அங்குலம், துளையில்லாத மூடிய (சீல்டு) பெட்டி. கிராஸ்ஓவர், அதாவது எந்தச் சுருதிக்குக் கீழே உள்ளதைச் சப் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எல்லை, 80 ஹெர்ட்ஸ். சோபாவை முதலில் நட்டநடுவில் போட்டிருந்தேன், 42 ஹெர்ட்ஸ் சுத்தமாகக் கேட்கவில்லை. இப்போது பின்சுவரிலிருந்து 1.55 மீட்டர். அது சரியாகிவிட்டது.

சப் வாங்கிய கடையில் "மூலையில வைங்க, பேஸ் அள்ளும்" என்றார்கள். அள்ளத்தான் செய்தது. ஆனால் எல்லாப் படத்திலும் ஒரே சுருதியில் அள்ளியது. கார் கதவு மூடினாலும் இடி இடித்தாலும் அதே 'தொம்'. மூலையில் வைத்தால் அறையின் எல்லா மோடுகளும் ஒன்றாகக் கிளம்பும், அதில் எது உட்காரும் இடத்தில் வீங்குகிறதோ அதுதான் காதை அடைக்கும். என் சோபாவில் வீங்கியது 84 ஹெர்ட்ஸ், அதாவது நீளத்தின் இரண்டாவது மோடு. கிராஸ்ஓவர் 80 என்றாலும் சப் அங்கேயே நின்றுவிடுவதில்லையே, மெதுவாகத்தானே இறங்கும்.

சரி, தவழ்ந்துதான் தேட வேண்டும் என்று முடிவு செய்தேன். சப்பைச் சோபாவில் ஏற்றி, நாம் சுவரோரமாகத் தவழ்ந்து கேட்கும் முறை. ஒலி தரும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிப் போட்டாலும் கேட்பது மாறாது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ், ரேலி என்ற இயற்பியலாளர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். முறை எளிது. ஆனால் மூன்று தடவை தப்பாகச் செய்தேன், அந்தத் தப்புகளைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் தடவை ஒரு படத்தின் வெடிச்சத்தத்தைப் போட்டுத் தவழ்ந்தேன். அதில் நாலைந்து சுருதிக்கு மேல் இல்லை, எல்லா இடமும் நன்றாகவே இருப்பதுபோல் பட்டது. இரண்டாம் தடவை 5 ஹெர்ட்ஸ் இடைவெளியில் தனித்தனி டோன்கள். 80க்கும் 85க்கும் நடுவில் இருந்த வீக்கத்தின் உச்சி தப்பிவிட்டது. மூன்றாவதுதான் பெரிய தப்பு: முட்டி போட்டு, தலையை 80 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்துக் கேட்டிருக்கிறேன். சப்பின் கூம்பு தரையிலிருந்து 25 சென்டிமீட்டரில் இருக்கிறது. உயரத்து மோடான 67 ஹெர்ட்ஸ் தரையிலும் கூரையிலும் உச்சத்தில் இருக்கும், 1.3 மீட்டரில் ஒன்றுமே இருக்காது. தலையைத் தூக்கத் தூக்க 67 குறையும், ஆனால் சப்போ தரையில்தான் உட்காரப்போகிறது. காது கூம்பின் உயரத்தில் இருந்தே ஆக வேண்டும். சோபா பக்கமும் இதே கதைதான்: மெத்தையில் வைத்தால் சப் அமுங்கிவிடும். பலகை போட்டு, உட்கார்ந்தால் காது வரும் உயரத்துக்குக் கூம்பைக் கொண்டுவந்தேன்.

நாலாவது தடவை, 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை 20 வினாடியில் ஏறும் ஸ்வீப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். சுவரோரம் 30 சென்டிமீட்டருக்கு ஒரு மாஸ்கிங் டேப் துண்டு, மொத்தம் 23 எண்கள். கோரைப்பாயை நகர்த்தி நகர்த்தி, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து கேட்டேன். மகன் நோட்டில் மதிப்பெண் எழுதிக்கொண்டு கூடவே வந்தான். 14ஆம் எண் வரை எங்கேயும் ஏழுக்கு மேல் போகவில்லை. 15இல் ஸ்வீப் ஒரே கோடாக ஏறியது, வீக்கமும் இல்லை, பள்ளமும் பெரிதாக இல்லை. "இன்னொரு தடவை போடுப்பா" என்றேன். மறுபடியும் அதேதான். அவனையும் படுத்துக் கேட்கச் சொன்னேன். "அப்பா, இங்க மட்டும் படி ஏறுற மாதிரி இருக்கு" என்றான்.

அப்புறம்தான் அளவு டேப் வைத்து அளந்தேன். 4.1 மீட்டரில் கால் பங்கு 1.025. 84 ஹெர்ட்ஸின் அழுத்தம் பூஜ்யமாகும் இடம் அதுதான். அங்கே வைத்த சப்பால் அந்த மோடைக் கிளப்பவே முடியாது. காது முதலில் கண்டுபிடித்தது, கணக்கு பிறகு வந்து சேர்ந்தது.

சப்பை அங்கே இறக்கி வைத்து, யூமிக்-1 என்ற அளவீட்டு மைக்கும் ரூம் ஈக்யூ விஸார்டு என்ற மென்பொருளும் வைத்து அளந்தேன். மூலையில் இருந்தபோது 84இல் அக்கம்பக்கத்தைவிட 9 டெசிபெல் உயர்ந்து நின்ற மேடு இப்போது 2 டெசிபெல். மேடு மட்டும் என்றால் ஈக்யூ (சுருதிவாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதி) போட்டே வெட்டியிருக்கலாம்தான், ஆனால் இடத்திலேயே சரியாகும்போது மனம் நிறைகிறது. 56ஐ ஒட்டி இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது. நடு இருக்கை அகலத்தின் சரிபாதியில் இருப்பதால் 56இன் மோடு அங்கே எட்டாது. ஈக்யூவில் ஏற்றிப் பார்த்தேன், ஆம்ப் திணறியதுதான் மிச்சம்.

அன்று மாலை ஒரு கச்சேரிப் பதிவு போட்டேன். மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) கும்கி போடும்போது, அதாவது தட்டிவிட்டுக் கையை அழுத்தித் தேய்க்கும்போது, நாதம் வழுக்கிக்கொண்டு மேலே போகும் அல்லவா, மூலையில் இருந்தபோது அது பாதி வழியில் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு அங்கேயே இரைந்தது. இப்போது முழுதாக வழுக்கிப் போகிறது. விரல் அழுத்துவது தெரிகிறது. அந்த ஒரு தட்டை மட்டும் எத்தனை தடவை கேட்டேனோ.

ஒரு எச்சரிக்கை: ஸ்வீப் ஓட்டும் முன் அறையில் அதிர்வது எதுவென்று பார்த்துவிடுங்கள். அலமாரியில் இருந்த பித்தளைக் குத்துவிளக்கின் தட்டு 67இல் கிணுகிணுத்தது, அதை ஒரு நாள் முழுக்கச் சப்பின் குறை என்றே நினைத்திருந்தேன்.

சுவரோரமாகக் கொண்டுவர 6 மீட்டர் கேபிள் வேண்டியிருந்தது. சிம் லிம் டவரில் 18 வெள்ளிக்குக் கிடைத்தது, வேலைக்குப் போதும். ஆடியோ கடைகள் இருக்கும் அடெல்ஃபி பக்கமும் ஒரு நடை போய் வந்தேன், அதே சப்பில் இன்னொன்று கிடைக்குமா என்று விசாரிக்க. ஹார்மன் ஆடியோ நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வில், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு சப் வைப்பது நல்ல பலன் தருவதாகச் சொல்கிறார். என் அறையில் வலச்சுவரின் நடுவில் கதவு. அதனால் இப்போதைய இடத்துக்கு நேர் எதிரே, அதே 1.05இல் வைத்துப் பார்க்க ஆசை. நடு இருக்கையின் பள்ளம் அப்படியேதான் இருக்கும். ஆனால் 56இன் மோடு கிளம்பாது, ஓரத்தில் உட்காரும் மனைவிக்கும் மகனுக்கும் எனக்குக் கேட்பதே கேட்கும்.

அதற்கு முன் ஃபேஸ் வேலை, அதாவது சப்பின் அலையையும் முன் ஸ்பீக்கர்களின் அலையையும் ஒன்றோடொன்று பொருந்த வைப்பது, பாக்கி. இப்போதைக்குக் குமிழை 60 டிகிரியில் விட்டிருக்கிறேன், முன் ஸ்பீக்கர்களோடு சேர்த்து இன்னும் அளக்கவில்லை. கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் வருகிற சனிக்கிழமையும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை சத்தம் போட அனுமதி கேட்டு வைத்திருக்கிறேன்.