மாமரத்தின் உயரத்தைக் குறைக்கும் வேலை: இதுவரை

மரம் மாடியைத் தாண்டிப் போய்விட்டது. உச்சியில் காய்ப்பது கைக்கு எட்டுவதில்லை. காற்றடித்தால் மேல்கொம்புகள் ஆடுகிற ஆட்டம் வேறு. "பாதியில மொட்டை அடிச்சு விடு" என்பதுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன யோசனை. அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். மொட்டை அடித்தால் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக நீர்ப்போத்துகள், அதாவது நேரே மேலே வேகமாக வளரும் புதுக்கொம்புகள், கிளம்பும். அவற்றுக்கு ஆழமான பிடிமானம் கிடையாது. கனம் கூடியதும் காற்றில் பிய்ந்து விழும். சில வருடங்களில் பழைய உயரமும் வந்துவிடும், வெட்டிய தடித்த முனை மட்டும் உளுத்துக்கொண்டிருக்கும்.

அதனால் உச்சியின் பொறுப்பை ஒரு பக்கக்கிளையிடம் ஒப்படைக்கிற முறையைத்தான் எடுத்துக்கொண்டேன். நேரே மேலே போகும் கொம்பை, பக்கக்கிளை பிரிகிற இடத்துக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். அந்தப் பக்கக்கிளை, வெட்டும் கொம்பின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஒல்லியான கிளையை நம்பி வெட்டினால் அது தாங்காது, மொட்டை அடித்த கதைதான். மேலே ஏறியபின் எது எந்தக் கிளை என்று புரியாது. தள்ளி நின்று போட்டோ எடுத்து, வெட்டும் இடங்களை அதிலேயே குறித்துக்கொண்டது நல்ல உதவி.

காய் பறித்து முடித்த கையோடு ஆரம்பித்தேன். ஒரே தடவையில் இலைப்பரப்பில் கால்வாசிக்கு மேல் எடுக்கக் கூடாது. இலை குறைந்தால் மரம் பசியில் வாடும் என்பது ஒரு பக்கம். இத்தனை நாள் நிழலில் இருந்த பட்டை திடீர் வெயிலில் வெந்து வெடிக்கும் என்பது இன்னொரு பக்கம்.

கனமான கிளையை ஒரே அறுப்பில் எடுத்தால், பாதியிலேயே முறிந்து அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். எனவே வெட்ட வேண்டிய இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி, முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்தேன். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்ததும் கிளை சுத்தமாக விழுந்தது. மிஞ்சிய கட்டையைக் கடைசியில் எடுத்தேன். கிளை சேரும் இடத்தில் தடித்த வளையம் போல ஒன்று இருக்கும், அதைத் தொடாமல் அதற்கு வெளியே அறுக்க வேண்டும். காயத்தை மூடி வளர்வது அங்கிருந்துதான். தார், பெயின்ட் எதுவும் பூசவில்லை. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துக் காட்டியது இதுதான்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி ஒதுக்கி வைக்கிறது. பூச்சு அதற்கு உதவுவதில்லை.

பாதுகாப்பில் நான் பயந்தாங்கொள்ளி. கீழ்க்கிளைகளை மட்டும் தரையில் நின்று நீளக் கம்பு ரம்பத்தால் எடுத்தேன். ஏணியில் நின்று சங்கிலி ரம்பம் பிடிப்பது தற்கொலைக்குச் சமம். உச்சிக் கொம்புக்குத் தொழில்முறையில் மரம் ஏறுபவரைக் கூப்பிட்டேன். அவர் இடுப்புச் சேணமும் கயிறுமாக ஏறினார். நான் ஹெல்மெட்டோடு விழும் எல்லைக்கு வெளியே நின்று ஆட்களை ஒதுக்கினேன். மின்கம்பி ஓடும் பக்கத்தைத் தொடவே இல்லை, அது மின்துறை ஆட்களின் வேலை. அப்புறம், மாமரத்துப் பால் தோலைப் புண்ணாக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.

இப்போது வெட்டுவாயின் ஓரத்தில் பட்டை திரள ஆரம்பித்திருக்கிறது. போத்துகள் சிலவற்றை மட்டும் கிள்ளினேன். எல்லாவற்றையும் எடுத்தால் மறுபடி அங்கேயே துளிர்க்கும். இன்னொரு உயரமான கொம்பு பாக்கி. அது அடுத்த காய்ப்பு முடிந்த பிறகு.