பழைய சூப்பர்ஜெட்டைச் சொன்னபடி கேட்க வைத்தது

என்னிடம் இருப்பது 2006-ம் ஆண்டு யமஹா சூப்பர்ஜெட், நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கீ. சுற்றுலா இடங்களில் உட்கார்ந்து ஓட்டும் பெரிய வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது சின்னதாகத் தெரியும். நீளம் 2.24 மீட்டர், அகலம் 68 சென்டிமீட்டர், எடை சுமார் 130 கிலோ. 701 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். முன்பக்கம் கீல் வைத்த நீளமான கம்பம் ஒன்று மேலும் கீழும் ஆடும். அதன் முனையில் ஹேண்டில்பார். வேகம் இல்லாதபோது தண்ணீரில் நிலையாக நிற்காது. ஓட ஆரம்பித்த பிறகும் பாதி ஸ்டியரிங் நம் உடம்புதான்.

யமஹா 1990-ல் சூப்பர்ஜெட்டைக் கொண்டுவந்தது. 1996-ல் மூக்கு உருண்டையான புது ஹல், அதாவது தண்ணீரில் மிதக்கும் உடற்கூடு, வந்து 2007 வரை நீடித்தது. என்னுடையது அந்த வகை. சட்டென்று திரும்பும். அதுவே அதன் அழகு. ஆனால் சிற்றலை அடிக்கும் தண்ணீரில் நேராக ஓடவிட்டால் துள்ளும், பக்கவாட்டில் அலையும். நான் டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன்; ஓட்டுவது பெரும்பாலும் கால்வெஸ்டன் வெஸ்ட் பே என்ற கடல் விரிகுடாவில். ஆழம் குறைவு, காற்று அதிகம், அடியில் மணலும் சிப்பித் திட்டும். இந்த ஹல்லின் குறைகளெல்லாம் வெளியே வரும் இடம் அது. காற்று ரொம்ப அடித்தால் லேக் கான்ரோ ஏரிக்குப் போய்விடுவேன்.

பழைய வண்டியாக வாங்கியபோது மூன்று தொல்லைகள் இருந்தன. முழு வேகத்தில் மூக்கு எழுந்து எழுந்து விழும். திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கும். அலைமேல் ஏறி இறங்கும்போது எஞ்சின் திடீரென்று கத்தும், வண்டி முன்னே போகாது. அதாவது, அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் பம்ப், தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடிக்கிறது. இதற்கெல்லாம் கடையில் தனித்தனியாகப் பாகம் கிடைக்கிறது. நான் முதலில் எதையும் வாங்காமல் பம்பைக் கழற்றினேன். உள்ளே இருக்கிற பம்ப் சரியில்லாதபோது வெளியே மாட்டும் எந்தப் பாகம் என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கழற்றிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் விசிறியான இம்பெல்லரின் இதழ்களில் முன்விளிம்பு மணல் தின்று மழுங்கியிருந்தது. இதழின் நுனிக்கும் உறையின் உட்சுவருக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் இடைவெளி 0.6 மி.மீ.க்கு மேல். யமஹா சொல்லும் உச்ச வரம்பே அதுதான். அந்த இடைவெளி பெருகினால் அழுத்தத்தில் தள்ளப்பட வேண்டிய தண்ணீர் பின்னோக்கிக் கசிந்துவிடும். எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் இழுவை வராது. இம்பெல்லரைக் கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அது இடது மரை. வழக்கமான பக்கம் சுற்றினால் இன்னும் இறுகும். பல் வெட்டிய தனிக் கருவி வேண்டும், சுத்தியலால் தட்டிக் கழற்றுகிற சமாசாரம் இல்லை. உறையையும் இம்பெல்லரையும் சேர்த்தே மாற்றினேன்.

அடுத்தது நிறையப் பேர் கண்டுகொள்ளாத இடம். பம்பும் ஹல்லும் சேரும் விளிம்பில் இருந்த பழைய சிலிக்கோன் காய்ந்து உரிந்திருந்தது. நகத்தால் கிள்ளினால் வந்தது. அந்தச் சந்து வழியாகக் காற்று உள்ளே போனால் எவ்வளவு நல்ல இம்பெல்லர் போட்டும் பலன் இல்லை. முழுவதும் சுரண்டி, அசிட்டோனில் துடைத்து, கடல் வேலைக்கான சீலன்ட் வைத்து, ஒரு இரவு உலரவிட்டேன். அலையில் எஞ்சின் கத்துவது இந்த வேலைக்குப் பிறகுதான் பெருமளவு நின்றது. இத்தனைக்கும் செலவு ஒரு டியூப் சீலன்ட்தான்.

அதன் பிறகுதான் வெளிப்பாகங்கள். ஒவ்வொன்றாகத்தான் மாட்டினேன், ஒன்றை மாட்டினால் தட்டையான தண்ணீர், அலைத் தண்ணீர் இரண்டிலும் ஓட்டிப் பார்க்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை.

முதலில் தண்ணீர் உள்ளே போகும் வாயில் இருக்கும் கிரேட். பழையதில் வெறும் நீளக் கம்பிகள்தான். புதியது ஸ்கூப் வகை, குறுக்கே ஒரு சின்னத் தகடு கீழ்நோக்கி நீண்டிருக்கும். ஹல் அலைவிட்டு எழும்பினாலும் அந்தத் தகடு தண்ணீரைப் பிடித்து உள்ளே தள்ளும். வெஸ்ட் பேக்கு இது தேவைதான். தட்டையான ஏரியில் மட்டும் ஓட்டுபவருக்கு அவசரமில்லை.

அப்புறம் ரைடு பிளேட், அதாவது ஹல்லின் அடியில் பம்பை மூடியிருக்கும் தட்டு. கொஞ்சம் நீளமானதைப் போட்டேன். தண்ணீரைத் தொடும் நீளம் பின்னோக்கிக் கூடுவதால் மூக்கு துள்ளுவது குறைந்தது, நேரோட்டமும் நிதானப்பட்டது. பதிலுக்குத் திருப்பம் கொஞ்சம் சோம்பலாகிவிட்டது. சூப்பர்ஜெட் வாங்கியதே அந்தச் சட்டென்ற திருப்பத்துக்காக என்பதால் இது எனக்கு உறுத்தியது. மிக நீளமான பிளேட்டை இந்த ஹல்லுக்கு நான் சொல்லமாட்டேன். நடுத்தரம் போதும்.

திருப்பத்தில் வழுக்குவதைச் சரிசெய்தது ஸ்பான்சன். ஹல்லின் இரு பக்கமும் பின்பகுதியில் மாட்டும் துடுப்பு போன்ற பட்டைகள் அவை. மேலும் கீழும் நகர்த்தக்கூடியதாக வாங்கினேன். கீழே இறக்கினால் திருப்பத்தில் பிடி கூடும். ரொம்ப இறக்கினால் விளிம்பு தண்ணீரில் கொக்கி போட்டதுபோல் மாட்டி ஆளைத் தூக்கி வீசும். நான் நடுத் துளைக்கும் மேலேதான் வைத்திருக்கிறேன். போல்ட் துளைகளில் சீலன்ட் இல்லாவிட்டால் அந்த வழியாக ஹல்லுக்குள் தண்ணீர் இறங்கும், அதை மறக்க வேண்டாம்.

பாகங்களைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், ஆனால் கால் வைக்கும் இடம் தருகிற வித்தியாசம் இவற்றில் எதற்கும் குறைந்ததில்லை. ட்ரேயில், அதாவது நாம் நிற்கும் தளத்தில், முன்னே தள்ளி நின்றால் மூக்கு அமுங்கும், திருப்பம் கூர்மையாகும். பின்னே நின்றால் மூக்கு எழும்பி அலைமேல் தாவும். திருப்பத்துக்குள் போகும்போது ஒரு அடி முன்னே, வெளியே வரும்போது பின்னே. முழங்கால் எப்போதும் மடங்கியே இருக்க வேண்டும். இன்னொன்று, புதிதாக ஓட்டுபவர்கள் மனதில் ஆழமாகப் பதியவேண்டியது: இந்த வண்டிக்குச் சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சும் தண்ணீரே திருப்புகிறது. பயந்துபோய் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) விட்டால் ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேரே போய் மோதும். திருப்பவேண்டும் என்றால் த்ராட்டில் வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கில் ஸ்விட்ச் கயிறு (நாம் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது) இல்லாமல் நான் எஞ்சினைத் தொடுவதேயில்லை. டெக்சாஸில் சூரியன் மறைந்து மறுநாள் உதிக்கும்வரை ஜெட் ஸ்கீ ஓட்டக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. சரியான சட்டம். சிப்பித் திட்டு பகலிலேயே கண்ணுக்குத் தப்பும்.

பராமரிப்பில் உப்புத் தண்ணீர்தான் முதல் எதிரி. ஓட்டி முடித்த அன்றே நல்ல தண்ணீரால் எஞ்சினைக் கழுவுகிறேன். வரிசை முக்கியம்: முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, உடனே குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூடி, சில நொடி த்ராட்டிலைத் தட்டி மிச்சத் தண்ணீரை வெளியேற்றி, அப்புறம் எஞ்சினை நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓடாமல் குழாய் மட்டும் திறந்திருந்தால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் ஏறிவிடும். தண்ணீர் இல்லாமல் 15 விநாடிக்கு மேல் ஓடவிடுவதும் ஆபத்து. ஓட்டும்போது ஹல் பக்கவாட்டில் சன்னமாகப் பீய்ச்சும் கூலிங் தண்ணீரை அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன். அது மெலிந்தால் எங்கோ மணலோ சிப்பித் துணுக்கோ அடைத்திருக்கிறது. இதனால்தான் 60 சென்டிமீட்டருக்குக் குறைவான ஆழத்தில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வண்டியை இடுப்பளவு தண்ணீர்வரை தள்ளிக்கொண்டு போகிறேன்.

பெட்ரோலில் ஆயில் கலப்பது 50-க்கு 1. டேங்க் 18 லிட்டர், ஆக ஒரு முழு டேங்குக்கு 360 மில்லி. கேனில் கலந்து குலுக்கித்தான் ஊற்றுவேன். இங்கே பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் மாதக்கணக்கில் டேங்கில் விட்டுவைப்பதில்லை. கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் விறைத்துப்போகும். டிரைவ் ஷாஃப்ட் பேரிங்குக்கு கிரீஸ், ஸ்டியரிங் கேபிளுக்கு எண்ணெய். வீட்டில் நிறுத்தும்போது பின்னால் உள்ள வடிகால் திருகுகளைக் கழற்றி, மூடியைத் தூக்கி, உள்ளே காற்றாடவிடுவேன். மூடியை அடைத்தே வைத்தால் அந்த ஈரத்தில் எலக்ட்ரிக் பெட்டியின் இணைப்புகள் பச்சை பூத்துவிடும்.

இப்போது முழு வேகத்தில் மூக்கு கிட்டத்தட்ட துள்ளுவதில்லை. மிச்சம் இருப்பது கம்பத்தின் கீலில் உள்ள ஆட்டம். ஹேண்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் கட்டைவிரல் கனத்துக்கு விளையாடுகிறது, கீலுக்குள் இருக்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்திருக்கிறது. புதுப் புஷ் வாங்கி வைத்திருக்கிறேன். அதை மாட்டிய பிறகு ஸ்பான்சனை ஒரு துளை இறக்கிப் பார்க்க வேண்டும்; திருப்பத்தில் இப்போது மீதியிருக்கும் தளர்வு கீலிலிருந்து வருகிறதா ஹல்லிலிருந்து வருகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.