பத்தாவது எழுத்தில் ஏ: பை-ஆர்.என்.ஏ. பாடத்தை நான் படித்த விதம்

குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்கு ரயிலிலும் அங்கிருந்து சேர்க்காட்டுக்குப் பேருந்திலுமாகச் சென்று முதுகலை விலங்கியல் படித்த நாட்களில், விரிவுரையாளர் பணிக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தகுதித் தேர்வுக்காக நான் அதிக நேரம் வீணாக்கிய பகுதி, மரபணுக்களை அடக்கிவைக்கும் சிறு துண்டுகளான குறு ஆர்.என்.ஏ.க்கள்தான். யாரோ கொடுத்த பயிற்சிக் குறிப்பில் அவற்றின் மூன்று வகைகளையும் டைசர் என்ற நொதியே நீண்ட ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி உருவாக்குவதாக இருந்தது. அதை நம்பி ஒரு மாதம் படித்தேன். மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் எஸ்ஐ-ஆர்.என்.ஏ.வுக்கும் அது பொருந்தும். இனப்பெருக்கச் செல்களில் பிவி வகைப் புரதங்களோடு சேர்ந்து இயங்கும் பை-ஆர்.என்.ஏ.வுக்கு டைசர் தேவையே இல்லை.

பை-ஆர்.என்.ஏ.வின் வேலை, மரபணுத்தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்களை அடக்குவது. ஏன் இனப்பெருக்கச் செல்களில் இத்தனை காவல் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழப் பாதி, தாவும் மரபணுக்களிலிருந்து வந்தது. உடற்செல் ஒன்றில் அது தாவினால் கேடு அந்த உடலோடு முடியும். விந்தணுவையோ முட்டையையோ உருவாக்கும் செல்லில் தாவினால் சந்ததிக்கும் போகும்.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது, 2007-இல் பழ ஈக்களில் விளக்கப்பட்ட 'பிங்-பாங்' சுழற்சி. படித்துப் படித்து அலுத்துப்போய், ஒருநாள் ரயிலில் நோட்டின் பின்னட்டையில் எழுத்து எழுத்தாக எழுதிப் பார்த்தேன். பிவி புரதத்தை இலக்குக்கு அழைத்துச்செல்லும் வழிகாட்டியான பை-ஆர்.என்.ஏ., ஆர்.என்.ஏ.வின் ஏ, யு, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் பெரும்பாலும் யு-வில் தொடங்கும். அது தாவும் மரபணுவின் ஆர்.என்.ஏ.வோடு இணைந்ததும், வழிகாட்டியின் பத்தாவது, பதினோராவது எழுத்துகளுக்கு இடைப்பட்ட இடத்துக்கு எதிரே அந்த ஆர்.என்.ஏ.வைப் புரதம் வெட்டுகிறது. வெட்டுண்ட இடமே புதிய பை-ஆர்.என்.ஏ.வின் தொடக்கமாகிறது, ஆகவே அங்கிருந்து எண்ணிவந்தால் அதன் பத்தாவது எழுத்து பழைய யு-வுக்கு எதிரே நிற்கும்; யு-வோடு இணைவது ஏ என்பதால் அது ஏ-வாக இருக்கும். எதிரியின் செய்தியை வெட்டிய துண்டே அடுத்த வழிகாட்டியை உருவாக்கும் கருவியாகிறது என்பது அந்தப் பின்னட்டையில்தான் எனக்கு உறைத்தது.

இதைப் புரிந்தபின் மற்றவை எளிது. பழ ஈயின் எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஃப்ளமெங்கோ பகுதி, பழைய தாவும் மரபணுக்களின் சிதைந்த துண்டுகள் குவிந்த இடம். அதிலிருந்து படியெடுக்கப்படும் நீண்ட ஆர்.என்.ஏ.விலிருந்து வழிகாட்டிகள் பிறக்கின்றன. எலியில் மிவி-2 என்ற பிவி வகைப் புரதம் செல்லின் உட்கருவுக்குள் சென்று, தாவும் மரபணுக்களை அடக்கும் வகையில் அவற்றின் டி.என்.ஏ.வில் மெத்தில் தொகுதி சேர வழிசெய்கிறது. அது இல்லாத ஆண் எலிகள் மலடாகின்றன.

நெட் தேர்வின் உயிர் அறிவியல் தாளில், சி பகுதியில் 75 வினாக்களில் 25-க்கு விடையளித்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண். தவறான விடைக்குக் கழிவு உண்டு என்பதால், இந்தத் தலைப்பில் வினா வந்தால் விடைகளைப் படிக்கும் முன்பே வெற்றுத்தாளில் பத்து எழுத்துகளை எழுதிக்கொள்ளுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.