வேஸ்ட் ஷீட்டில் வந்த மயில்

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பதினேழு வருஷமாக டிசைனர் வேலை பார்க்கிறேன். டிசைனர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காலண்டர், வெடிப்பெட்டி லேபிள், நோட்டு அட்டை, ஊதுபத்தி டப்பா, நடுநடுவே யாருக்காவது கண்ணீர் அஞ்சலி. "புதுசா ஏதாச்சும் பண்ணிக் குடுங்க" என்று வருகிற பார்ட்டி அரை மணி நேரத்தில் செல்போனை எடுத்து, பக்கத்துக் கடைக்காரர் போன வருஷம் அடித்ததைக் காட்டி, "இதே மாதிரி வேணும், ஆனா இதைப் பாத்துப் பண்ணதுன்னு தெரியக் கூடாது" என்பார். ஊருக்கே பழகிய விஷயம்தான். தீப்பெட்டி லேபிளில் ஒருத்தர் ஒரு மானை ஓடவிட்டு அது விற்றுவிட்டால், அடுத்த தெருவில் இரண்டு மான் ஓடும். எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள் படத்தைச் சொல்லித்தான் தீப்பெட்டி கேட்பார்கள், 'கப்பல் குடு' என்கிற மாதிரி. அதனால் படம்தான் பேர். ஒரு மானுக்கும் இரண்டு மானுக்கும் வித்தியாசம் பார்க்கிற அவசரக்காரன் எவன்?

எங்களுக்குக் காலக்கணக்கும் கொஞ்சம் குழம்பித்தான் இருக்கும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது ஊர் வழக்கம் என்பதால் சித்திரை வெயிலிலேயே அந்த வேலை தொடங்கிவிடும். அடுத்த பொங்கல் என்ன கிழமை என்று ஜூனில் கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவேன். இன்றைக்கு என்ன கிழமை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு பிள்ளையாரைத் திருப்பிப் போட்டேன். மிட்டாய்க் கடைக் காலண்டர், ஐந்நூறு பிரதி. கடைப் பேர் இடது பக்கம் வர வேண்டும் என்றார்கள், படத்தில் அந்தப் பக்கம் பிள்ளையாரின் கை நீட்டிக்கொண்டிருந்தது. கோரல்டிரா சாஃப்ட்வேரில் மிரர் அடித்தால் ஒரு நொடி வேலை. அடித்துவிட்டேன். தும்பிக்கை இடம்புரியிலிருந்து வலம்புரிக்குப் போய்விட்டது, வலது பக்கம் ஒடிந்திருந்த தந்தம் இடது பக்கம் ஒடிந்துவிட்டது, கொழுக்கட்டையும் கை மாறிவிட்டது. எனக்கு எதுவும் தெரியவில்லை. மெஷின்மேன் அண்ணாச்சிதான் அச்சாகி வந்த தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, பிள்ளையாரு கண்ணாடி முன்னாடி நிக்காரோ?" என்றார். ஐந்நூறும் ஓடி முடிந்திருந்தது. வயிறு கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வந்த கடைக்காரர் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வலம்புரியா! கேட்டாலும் கிடைக்காதே" என்று சந்தோஷமாகக் கட்டிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம்தான் சாமி படங்களை உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் காலண்டர் சாமி என்றால் கொண்டையராஜு. 1898-இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர், கம்பெனி கலைந்த பிறகு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். 1976-இல் அவர் இறந்த பிறகும் சீடர்கள் வரைந்துகொண்டிருந்தார்கள். அந்த வகைப் படங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பின்னால் தூண், ஒதுக்கிக் கட்டின திரை, தூரத்தில் ஒரு ஆறும் மலையும், நடுவில் சாமி நம்மைப் பார்த்து நிற்கும். எனக்கென்னவோ அது கோயில் மாதிரித் தோன்றவில்லை, நாடக மேடை மாதிரித்தான் தோன்றுகிறது. முதல் மணி அடித்தாகிவிட்டது, இப்போது சாமி பாடப் போகிறார் என்கிற மாதிரி. இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "அப்போ நம்ம மெஷினு ஹார்மோனியப் பெட்டியா?" என்றார்.

சரி, வேஸ்ட் ஷீட்டுக்கு வருகிறேன்.

மெஷினில் புது பிளேட் மாட்டியதும் மை சீராகிற வரைக்கும், நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருகிற வரைக்கும் நல்ல தாளை ஓட்ட மாட்டார்கள். ஏற்கெனவே கழிந்துபோன தாளையே மறுபடி உள்ளே விடுவார்கள். அதே தாள் நாளைக்கு இன்னொரு வேலைக்குப் போகும், மறுநாள் இன்னொன்றுக்கு. இப்படி நாலைந்து முறை ஓடிய தாளில் வாய்ப்பாட்டின்மேல் முருகன், முருகன்மேல் தேங்காய் எண்ணெய், அதன்மேல் தலைகீழாக யாரோ ஒரு பெரியவரின் நினைவஞ்சலி என்று எல்லாம் ஏறியிருக்கும். ஒரு தாளில் பன்னிரண்டு பச்சைக் குழந்தைகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்திருந்தால் இது ஏழு ஜென்மத்துக்கும் வந்திருக்காது.

நிறம் உட்காராத தாள்கள் தனி ரகம். மெஜந்தா என்கிற சிவப்பு மை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், உதட்டுச் சிவப்பு மீசைக்கு ஏறிவிடும். ஊரே பயப்படுகிற ஒரு பெரிய மனிதரின் மணிவிழா வாழ்த்து அப்படி வந்தது, உதட்டுச்சாயத்தோடு. இருநூறு தாளையும் அண்ணாச்சி தன் கையாலேயே குறுக்கே கிழித்துப்போட்டார். அதில் ஒன்றுகூட எனக்குக் கொடுக்கவில்லை, இன்றுவரை வருத்தம்தான்.

மற்றதையெல்லாம் பொறுக்கி எடுத்து மேஜைக்கு அடியில் சேர்த்துவைத்தேன். கழிவுத்தாளுக்குக் கிலோ கணக்கில் காசு உண்டு என்பதால் முதலாளிக்குச் சந்தேகம். அண்ணாச்சிக்குச் சிரிப்பு. "குப்பையப் போயி கும்பிடுறியேடே." எனக்கு இது சின்ன வயதிலிருந்தே இருக்கிற புத்தி. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் வெடித்துச் சிதறின காகிதத்தைப் பொறுக்கி, அதில் இருக்கிற பழைய பரீட்சைப் பேப்பரையும் கணக்கு நோட்டையும் வாசித்திருக்கிறேன். எவனோ ஒருத்தன் தப்பாகப் போட்ட வகுத்தல் கணக்கை வெடிக்குள் சுருட்டி வைத்திருப்பார்கள். அது வெடித்ததில் அவனுக்குத்தான் நிம்மதி.

ஒரு வருஷம் சங்குசக்கரப் பெட்டிக்கு டிசைன் கேட்டு ஒரு பார்ட்டி வந்தார். வழக்கம்போல ஒரு குழந்தை, ஒரு சுழல், நிறைய மஞ்சள் என்று நான்கு போட்டுக் காட்டினேன், நான்கையும் தள்ளிவிட்டார். மத்தியானம் சாப்பிட்ட கையோடு மேஜைக்கடியில் இருந்த கட்டைப் புரட்டினேன். சேலைக் கடைப் பையில் வந்த மயில் ஒன்றின்மேல் ஏதோ ஒரு மின்விசிறிக் கம்பெனியின் விளம்பரம் விழுந்திருந்தது. மயிலின் தோகை இருந்த இடத்தில் விசிறியின் இறக்கைகள். தோகையை விரிப்பதற்குப் பதிலாக அந்த மயில் தோகையைச் சுற்றிக்கொண்டிருந்தது! விசிறியை எடுத்துவிட்டுப் பொறி பறக்கிற சக்கரத்தை வைத்து, மயிலின் முகத்தில் தலை சுற்றுகிற கிறக்கத்தைக் கொஞ்சம் கூட்டினேன், அவ்வளவுதான். பார்ட்டி பார்த்ததும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டால் அந்த வேலை ஓகே ஆன மாதிரி, இது என் அனுபவம்.

முதலாளி மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "உள்ளதைச் சொல்லு, எங்கேயிருந்து காப்பி அடிச்சே?" என்றார். வேஸ்ட் ஷீட்டிலிருந்து என்றேன். நம்பவில்லை. அடுத்த தீபாவளிக்குள் வேறு ஒரு பெட்டியில் இரண்டு மயில் சுற்றியது. அப்போதுதான் நம்பினார்.

அண்ணாச்சி போன வருஷம் ஓய்வு பெற்றார். கடைசி நாளன்று மாலை ஒரு தாளைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு என்னிடம் நீட்டினார். "நானும் ஒண்ணு எடுத்து வச்சேன், நல்லாருக்கா பாரு." விரித்தேன். வெறும் வெள்ளைத் தாள். திருப்பினேன், அந்தப் பக்கமும் வெள்ளை. கேலி செய்கிறார் என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து ஜன்னலோரம் கூட்டிப்போய்த் தாளைச் சாய்த்துக் காட்டினார். மஞ்சள் மட்டும் ஓடிய தாள். வெள்ளையில் மஞ்சள் தனியாக விழுந்தால் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் வெயிலில் ஒரு தும்பிக்கை தெரிந்தது, அப்புறம் ஒரு தந்தம், ஒடியாதது, அதற்குக் கீழே நீட்டின கை. கை எந்தப் பக்கம் என்று பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பதினாறு வருஷம் வைத்திருந்திருக்கிறார் மனிதர்.

அதைக் கண்ணாடி போட்டு வீட்டு முன்னறையில் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம், வெறும் தாளுக்கு எதற்கு ஃபிரேம் என்று கேட்கிறார்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு வாங்க என்கிறேன்.