சுண்ணாம்புக் குவாரியில் ஒரு மொழிப்பாடம்

நம்மை அடக்குகிறவனின் மொழியை நாம் ஏன் படித்துத் தொலைக்க வேண்டும் என்று சென்ற வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை மறக்காத ஊரில் அந்தக் கேள்விக்கு உடனே தலையாட்டத்தான் தோன்றும், நானும் ஆட்டினேன். வீடு திரும்பிய பிறகுதான் ராபன் தீவு நினைவுக்கு வந்தது.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு அருகே கடலுக்குள் இருக்கும் அந்தச் சிறைத்தீவுக்கு, வெள்ளையரின் நிறவெறி ஆட்சியை எதிர்த்த நெல்சன் மண்டேலாவும் தோழர்களும் 1964-இல் ஆயுள் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டனர். அடுத்த ஆண்டிலிருந்து சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. வெள்ளைப் பாறையில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கூசிக் கூசிப் பார்வையே கெட்டது. கறுப்புக் கண்ணாடி கேட்டு, அது கிடைக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. அந்தக் குவாரியில்தான் பள்ளிக்கூடம் நடந்தது. கல்லை வெட்டிக்கொண்டே, தோழர்களுள் ஒருவரான வால்டர் சிசுலு தங்கள் விடுதலை இயக்கமான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் வரலாற்றைப் புத்தகம் ஏதுமின்றி நினைவிலிருந்தே பாடமாகச் சொன்னார். எழுத்தறியாத கைதிகளுக்கு மற்றவர்கள் எழுதப் படிக்கக் கற்றுத்தந்தனர். தபால்வழிப் படிப்புக்கு அனுமதி இருந்தாலும் அது உரிமையாக அல்லாமல் சலுகையாகவே வைக்கப்பட்டிருந்ததால், நினைத்தபோது பறிக்கவும் முடிந்தது. மண்டேலா ரகசியமாக எழுதிப் புதைத்து வைத்திருந்த தன்வரலாற்றுத் தாள்கள் அகப்பட்டபோது, அதற்குத் தண்டனையாக அவருடைய படிப்பு நான்கு ஆண்டுகள் நிறுத்தப்பட்டது.

அந்தச் சிறையில் மண்டேலா விரும்பிப் படித்தவற்றுள் ஒன்று, காவலர்களும் வெள்ளை ஆட்சியாளர்களும் பேசிய ஆப்பிரிக்கான்ஸ் மொழி. உடனிருந்த கைதி மேக் மகராஜுக்கு இது பிடிக்கவில்லை. எதிரிப் படையை நடத்துகிறவனின் மனம் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் நெடிய போரில் இறங்க முடியாது, அதற்கு அவன் மொழியும் இலக்கியமும் தெரிய வேண்டும் என்பது மண்டேலாவின் வாதம்.

அதே ஆப்பிரிக்கான்ஸை எதிர்த்துத்தான் 1976 ஜூன் 16 அன்று, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினத்தவர் குடியிருப்பான சொவெட்டோவின் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். கறுப்பினப் பிள்ளைகளை உழைப்புக்கு மட்டுமே பழக்க 1953-இல் பாண்டு கல்விச் சட்டம் கொண்டுவந்த அரசு, கணக்கையும் சமூக அறிவியலையும் ஆப்பிரிக்கான்ஸில்தான் நடத்த வேண்டும் என்று 1974-இல் ஆணையிட்டது. ஆசிரியர்களுள் பலருக்கே சரியாக வராத மொழியில் பிள்ளைகள் கணக்கை எங்கே புரிந்துகொள்வது? காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் பலியானவர்களுள் ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனுக்கு வயது 12. அந்த எழுச்சிக்குப் பிறகு பிடிபட்ட இளைஞர்கள் பலர் இதே தீவுக்கு வந்து சேர்ந்தனர். தாங்கள் எதிர்த்து நின்ற மொழியை இங்கே ஒரு மூத்தவர் தாமாகவே படித்து வைத்திருப்பதைக் கண்டு அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

என் பார்வையில் இரு தரப்பும் சரி. சிந்திக்கும் வழியை அடைப்பதற்காக வகுப்பறைக்குள் திணிக்கப்பட்ட மொழியை அந்தப் பிள்ளைகள் மறுத்தார்கள்; தமக்கு எது தேவை என்று தாமே முடிவுசெய்து, தம் நோக்கத்துக்காக மண்டேலா அதைக் கற்றார். நண்பரிடம் அன்றே இதைச் சொல்லியிருக்கலாம்.

மண்டேலா விடுதலையான பிறகு, 1993-இல், எல்லா இனத்தவரும் முதன்முறையாக வாக்களிக்கவிருந்த தேர்தலுக்கு எதிராக ஆயுதமேந்தும் எண்ணத்தில் வெள்ளையர்களைத் திரட்டிக்கொண்டிருந்த முன்னாள் ராணுவத் தலைவர் கான்ஸ்டண்ட் வில்ஜோன், ஜோகன்னஸ்பர்க்கில் மண்டேலாவின் வீட்டுக்குப் பேச வந்தார். மண்டேலா தம் கையாலேயே அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, ஆப்பிரிக்கான்ஸிலேயே பேசினார். மறு ஆண்டு வில்ஜோன் ஆயுதத்தை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றார்.